தரை சரி, ஓட்டைதான் தப்பு

குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னதோடு நின்றிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். அவரும் கூடச் சேர்ந்து அதையே சொல்ல ஆரம்பித்ததில்தான் வந்தது வினை.

வேலை நடக்கும் இடத்தில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பேர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடி, தளம் மட்டமாக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று காட்டுமே, அந்தக் கருவியை மேஸ்திரிகள் எல்லாரும் பையில் வைத்திருப்பார்கள். இவர் வைத்திருக்க மாட்டார். தரையில் கன்னம் படக் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். “அந்த மூலை ஒரு நூல் தூக்கல்” என்பார். நம்பாதவர்கள் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். ஒரு நூல் தூக்கலாகத்தான் இருக்கும். அப்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்குத் தனியாக ஒரு டிக்கெட் போடலாம்.

குளியலறைத் தரை மட்டமாக இருக்கக் கூடாது. தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிந்திருக்க வேண்டும். இதை வாட்டம் என்பார்கள். வாட்டம் சரியாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரை எங்கே கொட்டினாலும் அது சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி ஓட்டைக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்களை வரவழைத்து, அவர்கள் முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் காட்டுவது வழக்கம். ரசமட்டத்துக்கு அதிலும் ஒரு தோரணை உண்டு. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிடுவார். தண்ணீர் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவர் பார்ப்பது வீட்டுக்காரர்களின் முகத்தை. பின்னால் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்கும், முன்னால் அவர்கள் கண்கள் விரியும். சாப்பாடு இல்லாமல்கூட இருந்துவிடுவார், அந்த முகங்கள் இல்லாமல் இருக்க மாட்டார்.

அவருடைய அக்கா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவருக்கு வயிறு வலித்தால் அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளும், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவரும், வயதான காலத்தில் ஒரு சொந்த வீடு வாங்கினார்கள். வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. அந்த வரிசைக்கு டைல்ஸ் வேலை முழுக்க நம் ரசமட்டத்துடையது. “நான் வேலை செய்யற இடம், கண்ணை மூடிட்டு வாங்கு” என்று அக்காவைச் சம்மதிக்க வைத்தவரும் அவரேதான். குழாய் வேலை, பத்தொன்பது வருடமாக அவரோடு கூடவே வேலை பார்த்த பிளம்பருடையது. இரண்டு பேரும் மதியம் ஒரே நிழலில் உட்கார்ந்து ஒருவர் டப்பாவிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிடுகிற சிநேகிதம்.

பதினோரு வீடுகளில் தண்ணீர் போகும் ஓட்டை ஜன்னலுக்குக் கீழே. பன்னிரண்டாவது வீடு கடைசி வீடு, அக்காவுடையது. அங்கே பக்கத்து மனைக்காரர் பின்சுவரை ஒட்டி மதில் எழுப்பிவிட்டதால் கழிவுக் குழாயை முன்பக்கமாகத் திருப்ப வேண்டி வந்தது. அதனால் அந்த ஒரு வீட்டில் மட்டும் ஓட்டை கதவோரம். குழாய் வாய்க்குள் மண் விழாமல் பிளம்பர் சாக்கைத் திணித்து வைத்திருந்தார். அந்தச் சாக்கின் மேல்தான் ரசமட்டத்தின் மணல் குவியல் கிடந்தது.

டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் உள்சுவரில் ஆரம்பித்துக் கதவை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வருவார்கள். அப்போதுதான் ஒட்டியதை மிதிக்க வேண்டியிருக்காது. இவரும் அப்படித்தான் வந்தார். பதினோரு வீட்டுப் பழக்கம் கையில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே குழாய் வாயைக் காணாததுகூட அவருக்கு உறைக்கவில்லை, பிளம்பர் பிறகு துளை போட்டுக்கொள்வார் என்று விட்டுவிட்டார். ஜன்னல் பக்கம் வாட்டம் கொடுத்துக் கலவை போட்டார், ஒட்டினார், தட்டினார். சாயங்காலம் கதவோரம் வந்து, மிச்ச மணலை அள்ளினால், அடியில் சாக்கு. சாக்கை இழுத்தால், அங்கே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது குழாய்.

நாம் கதையை இங்கேயே நிறுத்திவிட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது. கலவை இன்னும் காயவில்லை ஐயா! பெயர்த்து எடுத்துத் திரும்பப் போட்டால் மூன்று மணி நேர வேலை. வீட்டில் வேறு யாரும் இல்லை. யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரியுமே! ரசமட்டம் வாட்டத்தைத் தப்பாகப் போட்டான் என்று ரசமட்டத்துக்குத் தெரிந்துவிடுமே! அந்த ஒரு சாட்சிக்குப் பயந்துதான் அவர் பெயர்க்கவில்லை. ‘சரிவு லேசாத்தான் குடுத்திருக்கேன், தண்ணி எப்படியும் போயிடும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கடைசி டைல்ஸைக் குழாய் வாய்க்கு ஏற்ற மாதிரி வட்டமாக, அழகாக வெட்டி ஒட்டினார். அவ்வளவு சுத்தமான வட்டத்தை அவர் அதுவரை வெட்டியதே இல்லையாம்.

நான்காம் நாள் அக்கா, மாமா, பிளம்பர் எல்லாரும் கூடி நின்றார்கள். வாளியைக் கவிழ்த்துவிட்டு வழக்கம் போல முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். வழக்கமான தோரணை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அன்றைக்கு அவர் திரும்பி நின்றது, பார்க்கத் தைரியம் இல்லாமல். பின்னால் கடகட சத்தம் கேட்கவில்லை. முன்னால் அக்காவின் முகம் மெதுவாக மாறியது.

“மச்சான், தண்ணி அந்தப் பக்கமால்ல போகுது” என்றார் மாமா.

ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் போய்க் கூடி, வெளியேற வழியில்லாமல் பேசாமல் நின்றது.

“தரை சரியாத்தான் இருக்கு” என்றார் ரசமட்டம். “ஓட்டைதான் தப்பான இடத்துல இருக்கு.”

பிளம்பர் சிரித்துவிட்டார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார் பாவம். “நான் அன்னிக்கே சொன்னேனேப்பா, கதவுப் பக்கம் வருதுன்னு.”

“சொல்லலை.”

“சொன்னேன்.”

“என்கிட்ட யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா நான் போடுவேனா? என் வேலையைப் பத்தி உனக்குத் தெரியாதா?”

பிளம்பர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வேறு நிழலில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் வேறு மேஸ்திரியோடு வேலைக்குப் போய்விட்டார். பத்தொன்பது வருடத்தை முடிக்க ஒரு வாளித் தண்ணீர் போதுமாக இருந்தது.

அக்காவுக்கு அது தம்பி போட்ட தரை. குளித்து முடித்ததும் நீளக் கம்பு வைத்த ரப்பர் துடைப்பானால் தண்ணீரை ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் மேட்டில் தள்ளிக்கொண்டு வருவாள். அவளுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்த ரப்பர் ‘சரக் சரக்’ என்று இழுபடும் சத்தம் இவர் காதில் விழும். அக்கா குத்திக் காட்டுவதற்காகத்தான் அவ்வளவு சத்தமாகத் தள்ளுகிறாள் என்று இவருக்குத் தோன்றியது. ரப்பரைச் சத்தமில்லாமல் தள்ள முடியுமா என்று யாராவது கேட்டிருக்கலாம். யார் கேட்பது? கேட்டால் மூக்கின் மேல் கோபம். “பெயர்த்துட்டு வேற போட்டுரலாமா மச்சான்?” என்று மாமா ஒரே ஒரு முறை கேட்டார். அதற்கு இவர் ஆடிய ஆட்டத்தில் அன்றைக்குச் சாப்பாடு அப்படியே ஆறிப் போனது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை என்று குறைந்து, கடைசியில் போவதே நின்றுபோனது.

இவர் ஜெயித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இவர் பேச்சுக்கு மறுபேச்சு பேச யாரும் இல்லை. ஜெயித்தவர் நிம்மதியாக இருந்தாரா என்று கேட்டால், அங்கேதான் எனக்கும் எரிச்சலாக வருகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் குளியலறைக்குள் நுழைந்து ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டிப் பார்ப்பார். எங்காவது தண்ணீர் தேங்கினால் முகம் மலர்ந்துவிடும். அடுத்தவன் வீட்டுத் தேங்கல் தண்ணீரில் சந்தோஷத்தைத் தேடுகிற நிலைமைக்கு ஒரு மனிதர் வரலாமா?

அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஜன்னலோரம் நின்று, கண்ணை மூடி, ஐந்து நிமிடம் கும்பிடுவார். நீளமான வேண்டுதல் ஒன்றும் இல்லை. மனைவி, அக்கா, மாமா, பிளம்பர் என்று ஒவ்வொருவராக நினைத்து, நல்லா இருக்கணும் என்பார். அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் அவர் முகத்தில் தோரணை இருக்காது. இப்போது கண்ணை மூடினால் ‘மனைவி’ வரைக்கும் சரியாகப் போகும். ‘அக்கா’ என்று வந்ததும் வண்டி நின்றுவிடும். உடனே வழக்கு ஆரம்பமாகிவிடும். ‘கடவுளே, நீயே சொல்லு. பதினோரு வீட்ல ஓட்டை எங்க இருந்துச்சு? அப்ப பன்னெண்டாவது வீட்ல எங்க இருக்கணும்?’ என்று கடவுளுக்கே வரைபடம் போட்டுக் காட்டுவார். கடவுள் தீர்ப்புச் சொல்லவில்லை. இவர் மறுநாள் காலை அதே வழக்கை முதலிலிருந்து நடத்துவார். பக்தி போய் வக்கீல் வேலை வந்துவிட்டது.

அதைவிடக் கொடுமை, கண் போயிற்று. போனது பார்வை இல்லை, கண்ணின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தால் முன்பு ஒரே நொடியில் தெரிந்தது, இப்போது ஒரு மூலை தூக்கலா, தாழ்வா என்று புரியவில்லை. எழுந்து, மறுபடி படுத்து, வியர்த்தார். கடைசியில் யாரும் தெரிந்தவர்கள் இல்லாத தெருவுக்குப் போய் ஒரு ரசமட்டம் வாங்கினார். அதைப் பழைய துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டார். வேலை செய்யும் குளியலறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, திருடன் மாதிரி எடுத்துக் குமிழியைப் பார்த்துவிட்டு, திரும்பச் சுற்றி வைத்துவிட்டு, வெளியே வந்து எல்லார் முன்னாலும் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக் காட்டுவார்.

துவைக்கத் துணி எடுத்த மனைவி கையில் அது அகப்பட்டுவிட்டது.

“இது யாருது?”

“கீழ கெடந்துச்சு. யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“ரெண்டு வருஷமா நான் ஒரு மனுஷனோட குடித்தனம் பண்ணலைங்க” என்றாள் அவள். “ஒரு குளியலறையோட பண்றேன்.” அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் துணியை உதறிய வேகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் காலை கண்ணை மூடி நின்றார். மனைவி நல்லா இருக்கணும். அக்கா... வழக்கை எடுத்தால், அலுப்பாக இருந்தது. முதல் கேள்வியைக் கேட்கவே வாய் வரவில்லை. சும்மா நின்றார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக உள்ளே யாரும் பேசவில்லை. அந்த அமைதியில், கூப்பிடாமலே ஒரு குரல் வந்தது. பிளம்பருடைய குரல். கையில் குழாய்ச் சாவியோடு, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். “இந்த வீட்ல ஓட்டை கதவுப் பக்கம் வருதுப்பா. பாத்துக்க.” அதற்குப் பதில் சொன்ன குரலும் கேட்டது. “ம்.” டைல்ஸை எண்ணிக்கொண்டே, தலையைத் தூக்காமல், குழாய்க்காரன் நமக்கு வாட்டம் சொல்ல வந்துட்டானா என்ற நினைப்போடு சொன்ன ‘ம்’. அது அவருடைய குரல்தான்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கன்னம் நனைந்தது. அந்த ‘ம்’ இத்தனை நாளும் உள்ளேதான் கிடந்திருக்கிறது. அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் கடவுளிடம் நியாயம் கேட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் ஒரு லேசும் இருந்தது. அக்கா நல்லா இருக்கணும், மாமா நல்லா இருக்கணும், அவன் நல்லா இருக்கணும் என்று அன்றைக்குத்தான் கடைசி வரைக்கும் போய் முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையே கரணை, உளி, சுத்தியல், ஒளித்து வைத்த ரசமட்டம் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டார்.

“எங்க?” என்றாள் மனைவி.

“அக்கா வீட்டுக்கு. தரையைப் பெயர்த்துட்டு வேற போடணும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சண்டை கிண்டை போட்டுட்டு வந்துராதீங்க.”

பேருந்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். அக்கா, தப்பு என்னுதுதான். மூன்றே சொல். வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தது எப்போது வெளியே வந்ததோ தெரியாது, பக்கத்தில் இருந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார். போகட்டும் என்று இன்னும் இரண்டு முறை உரக்கவே சொல்லிப் பார்த்தார். முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும், அங்கிருந்தே நேராகப் பிளம்பர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று திட்டம்.

கதவைத் திறந்த அக்காவுக்கு முதலில் முகம் மலர்ந்தது. எட்டு மாதம் கழித்து வந்திருக்கும் தம்பி. பிறகு பார்வை தோளில் தொங்கிய பையில் விழுந்தது.

“வாடா, வா. இது என்ன மூட்டை? உட்காரு, சாப்பிடலாம்.”

“அப்புறம் சாப்பிடறேன்க்கா. குளியலறையைக் கொஞ்சம் பாக்கணும்.”

“அங்க எதுக்குடா இப்ப?” அக்கா அவருக்கு முன்னால் போய்க் குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மாமா செய்தித்தாளை மடித்தார்.

அவர் மெதுவாக அக்காவை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. இது அவர் ஒட்டிய டைல்ஸ் இல்லை. அதே வெள்ளைதான், ஆனால் ஒரு சாயல் மங்கல். இடுக்குகளில் பூசியிருந்த வெள்ளை சிமெண்ட் இன்னும் அழுக்கேறவில்லை. ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து ஜன்னலோரம் கொட்டினார். இந்த முறை திரும்பி நிற்கவில்லை. தண்ணீர் தரையைத் தடவிக்கொண்டு நேராக வந்து, கதவோரம் கடகடவென்று இறங்கியது. நல்ல கை. யாரோ, நிதானமாக, கேட்டுக்கேட்டு வேலை செய்கிற ஆள்.

“அது தானாவே சரியாயிடுச்சுடா” என்றாள் அக்கா, பின்னாலிருந்து.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“தரை கொஞ்சம் அமுங்குச்சு போல. நீதான் அப்பவே சொன்னியே, நாளானா சரியாயிடும்னு.”

அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

“ஆமா மச்சான்” என்றார் மாமா. “நாங்க யாரையும் கூப்பிடலை. யாரும் வரலை.” யார் வந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

முப்பது வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவரிடம், டைல்ஸ் தானாக எழுந்து வாட்டம் மாற்றிப் படுத்துக்கொண்டது என்று சொல்கிறார்கள் இரண்டு பெரியவர்கள். அக்காவுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. சொல்லும்போது முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா” என்றார். பையைக் கீழே இறக்கி வைத்தார். “தப்பு என்னுதுதான்.”

சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக வராதது வந்துவிட்டது. அக்கா அழுவாள், அல்லது தலையில் ஒரு குட்டு வைப்பாள் என்று எதிர்பார்த்தார். அக்கா ஓரடி பின்னால் போனாள்.

“ஐயோ, ஆரம்பிக்காதேடா. இப்பத்தானே வந்தே.”

அவருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இதே வீட்டில், இதே வாயால், இதே சொற்களை அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! “ஆமா, தப்பு என்னுதுதான், போதுமா?” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததும், “எல்லாத் தப்பும் என்னுதுதான், சந்தோஷமா?” என்று கதவை அறைந்துவிட்டுப் போனதும் அவர்தானே. அந்தச் சொற்களை அவர் கல்லாக எறிந்துதான் இந்த வீட்டுக்குப் பழக்கம். இன்று பணிந்து கொண்டுவந்து வைத்தாலும் அக்கா தலையைத்தான் குனிகிறாள்.

“இல்லக்கா, அவன் சொன்னான். அன்னிக்குக் காலைலயே சொன்னான். நான்தான் ‘ம்’னுட்டு...”

“அந்தப் பிளம்பரை ஒண்ணும் கேக்காதேடா!” அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர் மேல தப்பில்லை. எனக்கு இடுப்பு முடியலைன்னு நாங்கதான் கூப்பிட்டோம், அவர் ஆளைக் கூட்டிட்டு வந்து தரையை மாத்திக் குடுத்தார். உனக்குத் தெரிய வேணாம்னு நான்தான் சொன்னேன். நீ போய் அவர்கிட்ட சத்தம் போடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“நான் எதுக்கு அவன்கிட்ட சத்தம் போடறேன்? நான் அதுக்கா வந்தேன்? சொல்றதைக் கேளேன்க்கா! தப்பு என்னுது! நெஜமாத்தான் சொல்றேன், தப்பு என்னுது!”

டைல்ஸ் ஒட்டிய அறையில் சொன்னது நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. அவர் காதுக்கே அது பழைய சத்தமாகத்தான் கேட்டது. மாமா எழுந்து போய், பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி வாசல் கதவைச் சாத்தினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“சரிடா, சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”